இறைத்த கிணறு ஊறும் என்கிறார்கள், ஊற நேரம் எங்கே?

பிரிவு: வேலையும் வாழ்க்கையும்

#1 வைகைக்கரை
ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இழை தொடங்குவது இதுதான் முதல்முறை.

பொதுத்துறை வங்கி ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூர்க் கிளை. நான் சேர்ந்தபோது மேலாளரையும் சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம், இப்போது ஐந்து பேர். ஓய்வு பெற்றுப் போனவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. கூட்டம் குறையவில்லை. முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலைச் சம்பளம், நகைக்கடன், 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை. மாதாமாதம் 15-ஆம் தேதியை ஒட்டி நாலைந்து நாள் கிளை வாசலில் நிற்க இடம் இருக்காது. பாதிப்பேர் ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா என்று பாஸ்புக் போட்டுப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வருகிறவர்களிடம் "போனில் மெசேஜ் வரலையா" என்று கேட்க மனசு வராது.

போன மாதம் 16-ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். மாலை மூன்றரை மணி. ஒருவர் பத்தாயிரம் எடுக்க ஸ்லிப் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள் இருபது எண்ணி டிரேயில் வைத்தேன். அந்த நேரத்தில் என் செல்போன் அடித்தது. மேலாளர்தான், அடுத்த அறையிலிருந்து. "ரீஜினல் ஆபீஸில் கேட்கிறார்கள், இன்று உன் கவுண்டரில் எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி?" இரண்டு என்று சொல்லிவிட்டு வைத்தேன். திரும்பி, மறுபடியும் இருபது எண்ணி, டிரேயில் இருந்ததோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மாலை கேஷ் கட்டும்போது பத்தாயிரம் குறைந்தது. கழுத்துச் செயினை அடகு வைக்கலாமா என்று யோசித்தபடி வீட்டுக்கு நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. சிசிடிவியில் பார்த்து, தெரிந்த முகம் என்பதால் மறுநாள் ஆளைப் பிடித்தோம். அவர் நல்லவர், கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை, அதாவது எங்களுக்கு விடுமுறை நாள், ஆன்லைனில் அரைநாள் பயிற்சி. தலைப்பு "பணியிட அழுத்தமும் மீள்திறனும்". பயிற்சியாளர் நன்றாகவே பேசினார். மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். முடிக்கும்போது "இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும். உழைக்க உழைக்கத்தான் திறன் ஊறும்" என்றார். திங்கட்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க மனசை இன்னும் கொஞ்சம் உறுதியா வச்சுக்கணும்மா" என்றார்.

இரண்டு வாரமாக அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பதினோரு வருடத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் நான் தவறவிட்டதே இல்லை. குறை என் மனதில்தான் இருக்கிறதா? உங்கள் வேலைகளில் இது எப்படி என்று உண்மையாகச் சொல்லுங்கள்.

#2 நாணல்
ஞாயிறு, இரவு 10:25

முதலில், அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்ததற்கு மகிழ்ச்சி.

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், கோபப்படாதீர்கள். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு தூக்கம் போய், காலையில் லேப்டாப்பைத் திறக்கவே கை நடுங்கும் அளவுக்குப் போனேன். அப்போது இதுபோன்ற ஒரு பயிற்சிதான் எனக்குப் பிடிமானமாக இருந்தது. எனவே "ஆள் பற்றாக்குறை, அமைப்பு சரியில்லை" என்று சொல்லி மனப் பயிற்சியையே ஒதுக்கிவிட வேண்டாம்.

இதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் மேலாளர்களை 1975-லிருந்து பன்னிரண்டு வருடம் உளவியலாளர்கள் சால்வடோர் மேடியும் சூசன் கோபாசாவும் தொடர்ந்து கவனித்தார்கள். நடுவில் தொலைபேசித் துறையே உடைந்தது. ஓராண்டு வாக்கில் நிறுவனத்தின் ஆள்பலம் ஏறக்குறைய பாதியானது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் உடல்நிலையிலும் வேலையிலும் சரிந்தார்கள். ஒரு பங்குப் பேர் சரியவில்லை, சிலர் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். அவர்களிடம் பொதுவாக மூன்று குணங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள்: செய்கிற வேலையில் பிடிப்பு, தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்ற நம்பிக்கை, மாற்றத்தைக் கண்டு ஒதுங்காமல் இறங்கிப் பார்ப்பது. ஒரே அடி, ஆனால் விழுந்தவர்களும் உண்டு, நின்றவர்களும் உண்டு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

#3 பழைய கேஷியர்
திங்கள், காலை 6:15

அம்மா வைகைக்கரை, உன் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கேஷில் உட்கார்ந்தவன் நான். எண்ணும்போது கூப்பிடக்கூடாது என்பது எங்கள் காலத்தில் எழுதாத சட்டம். ஹெட் கேஷியர் எண்ணிக்கொண்டிருந்தால் மேலாளரே வந்தாலும் கூண்டுக்கு வெளியே நின்று காத்திருப்பார். தாளை விட்டு விரல் எடுத்த பிறகுதான் பேசுவார். உன் மனதில் குறை இல்லை, தாயி. அந்த மரியாதை போய்விட்டது, அதுதான் நடந்திருக்கிறது.

நாணல் தம்பி சொன்னதற்கும் ஒரு பதில். நான் பார்த்த மிகப் பெரிய அழுத்தம் 2016 நவம்பர். 8-ஆம் தேதி இரவு 500, 1000 செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்புக்கு 86 சதவீதம் அந்த இரண்டு தாள்கள்தான். 9-ஆம் தேதி வங்கி மூடல், 10-ஆம் தேதி திறந்தோம். காலை ஏழு மணிக்கே வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போயிருந்தது. சனி ஞாயிறும் திறந்திருந்தோம். ஆளுக்கு 4000 மாற்றலாம் என்றார்கள், பிறகு 4500, பிறகு 2000, நவம்பர் 24-ஓடு மாற்றுவதே கிடையாது. நடுவில் விரலில் மை. ஒவ்வொரு நாள் காலையிலும் புது விதியைப் படித்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவோம். கையில் இருப்பது எல்லாம் 2000 ரூபாய்த் தாள், சில்லறை கிடையாது. பல நாள் இரவு பதினொன்றுக்கு மேல்தான் கேஷ் கட்டியிருக்கிறோம், ஒருநாள் ஒன்றேகால் ஆயிற்று.

அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. ஆனாலும் தாங்கினேன், வேலையும் சுத்தமாக நடந்தது. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முதல் காரணம், டிசம்பர் 30-ஓடு முடிகிறது என்று தேதி தெரியும். இரண்டாவது, மேலாளர் அறையைப் பூட்டிவிட்டு வெளியே மேசை போட்டு உட்கார்ந்து, மாற்ற வருகிறவர்களின் அடையாளச் சான்று நகலை அவரே சரிபார்த்தார். ஒருநாள் எனக்கு ஆறாயிரம் குறைந்தது. அவர் முதலில் ஆயிரத்தைப் போட்டு, பியூன் வரைக்கும் எல்லோரும் பங்கு போட்டார்கள். எதிர்க்கடை டீக்காரர் பதினோரு மணிக்கு ஒரு தூக்கு டீ அனுப்புவார். அந்த ஐம்பது நாளும் இன்சூரன்ஸ் எத்தனை, அக்கவுண்ட் எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றாக இருந்தது.

ஜனவரியில் கிளையில் மூன்று பேர் படுத்தோம். ஒருவருக்கு ஆஞ்சியோ. உடம்பு கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வசூலிக்கத் தேதி பார்த்திருக்கிறது.

உன்னுடையதற்கு முடிவுத் தேதி இல்லை அம்மா. மாதாமாதம் 15 வரும்.

#4 நெறியாளர்
திங்கள், காலை 8:00

நல்ல உரையாடல். தொடருங்கள். வங்கி, கிளை, மேலாளர் பெயர்களை யாரும் கேட்கவும் வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம்.

#5 கிணற்றடி
திங்கள், பிற்பகல் 2:10

வங்கி வேலை பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் கிணறு பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா விவசாயம், தாத்தா கமலை ஓட்டியவர், அதாவது மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்தவர்.

அந்தப் பழமொழி பொய் இல்லை. இறைக்காத கிணறு நிஜமாகவே நாறும், பாசி பிடிக்கும், ஊற்றுக்கண் அடைந்துபோகும். ஆனால் அது கமலை காலத்துப் பேச்சு. விடியுமுன் மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறியதும் அவிழ்த்துவிட வேண்டும். மாடு அதற்கு மேல் பின்னால் நடக்காது, தாத்தாவுக்கும் தோள் தாங்காது. மாட்டுக்காகத்தான் நிறுத்தினார்கள். கிணறு அந்தச் சாக்கில் ஊறிக்கொண்டது. மறுநாள் விடியலில் பார்த்தால் படிக்கட்டு வரை தண்ணீர் நிற்கும் என்று தாத்தா சொல்வார். இறைத்தால் ஊறும் என்று சொன்னவர்கள், இடையில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கரண்ட் மோட்டார் வந்தது. அதற்குக் கால் வலிக்காது. கிணறு அடி தெரிய ஆரம்பித்தது. உடனே கிணற்றை ஆழப்படுத்தினோம், பக்கவாட்டில் சைடு போர் போட்டோம். யாரும் ஊறட்டும் என்று விடவில்லை.

என் பட்டறைக்கு வருகிற சப்மெர்சிபிள் மோட்டார்களில் நிறைய தண்ணீர் இல்லாமல் ஓடி எரிந்தவை. அந்த மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் அதன் சூடே தணியும். கொண்டுவருகிறவர் மோட்டாரைத்தான் திட்டுவார். "போன வருசம்தாங்க வாங்கினேன், தாங்கலை பாருங்க." நான் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது என்பதுதான். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு கட்-ஆஃப் உண்டு, தண்ணீர் வற்றினால் தானாக மோட்டாரை நிறுத்திவிடும். அடிக்கடி நிற்கிறது, பாதி வயல் பாயவில்லை என்று எரிச்சலில் அதைக் கழற்றி ஒயரை நேராகக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் மோட்டாரோடு என் வாசலில் நிற்பார்கள்.

அக்கா, உங்களுக்குப் பணம் குறைந்த அன்று அந்தக் கட்-ஆஃப் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் மேலாளர் ஒயரை நேராகக் கொடுக்கச் சொல்கிறார்.

#6 நிற்கும் கால்கள்
திங்கள், இரவு 11:30

இப்போதுதான் ஹாஸ்டல் வந்தேன். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரை முதல் இரவு பத்து வரை. உட்காரும் உரிமை என்று 2021-இல் சட்டசபையில் சட்டத்திருத்தம் வந்தபோது நாங்கள் ஹாஸ்டலில் கேக் வெட்டினோம். கடையில் ஸ்டூல் வந்தது உண்மை. எங்கள் தளத்தில் இருபத்திரண்டு பேருக்கு ஆறு ஸ்டூல். யார் உட்கார்ந்தாலும் சூப்பர்வைசர் கேட்பார், "வேலை இல்லையா?"

காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட இரண்டு அக்காக்கள் எங்களோடு இருக்கிறார்கள். தீபாவளி நேரத்தில் விற்பனையில் முதலிடம் அந்த இரண்டு பேரும்தான். அதனால் அவர்களை நன்றாகத் தாங்குகிறவர்கள் என்று எங்கள் எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டுவார்கள். ராத்திரி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பதை நாங்கள்தான் பார்க்கிறோம்.

#7 இரவுப்பணி
செவ்வாய், அதிகாலை 5:05

தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு நகர முடியவில்லை. நானும் ஹாஸ்டலில் இருந்தவள்தான். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் கால் வைப்பதோடு விடாதே. நரம்பு புடைத்திருந்தால் சீக்கிரம் மருத்துவரிடம் காட்டு, தள்ளிப்போட வேண்டாம்.

நான் செவிலியர், பதினாறு வருடம். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நான் முதலில் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் இரவில் முப்பத்தெட்டுப் படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். ஒருநாள் அடுத்தடுத்த படுக்கையில் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள். ஒருவருக்கு இன்சுலின், இன்னொருவருக்கு இல்லை. சிரிஞ்சோடு தவறான கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டேன். அந்த அம்மாவின் மகள் "எங்கம்மாவுக்குச் சர்க்கரை இல்லையே சிஸ்டர்" என்றாள். ஒரு நொடிதான். நானே போய் நடந்ததைச் சொன்னேன். கிடைத்தது மெமோ. அதற்குப் பிறகு அங்கே நான் உட்பட யாரும் எதையும் சொல்லவில்லை. பதிவேட்டில் தவறே இல்லாத வார்டாக எங்கள் வார்டு இருந்தது.

இப்போது இருக்கும் இடத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் வேறு மாதிரி. ஒரே பெயரில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவரைக் கட்டாயம் எதிர்ப்பக்கக் கட்டிலுக்கு மாற்றுவார், கேஸ் ஷீட்டில் சிவப்பு டேப் ஒட்டுவார். மருந்து எடுக்கும் டிராலி பக்கத்தில் நிற்பவரிடம் யாரும் பேசக்கூடாது. இங்கே பதிவாகும் சிறு தவறுகள் அதிகம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் இதையேதான் கண்டார். நல்ல அணிகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். நல்ல அணிகளில்தான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள்.

வைகைக்கரை, உங்களிடம் ஒரு கேள்வி. பணம் குறைந்தது போன் வந்ததால்தான் என்று மேலாளரிடம் சொன்னீர்களா?

#8 வைகைக்கரை
செவ்வாய், இரவு 8:50

சொல்லவில்லை அக்கா. "கவனம் தப்பிவிட்டது சார்" என்றுதான் சொன்னேன். இப்போதுதான் அதைக் கவனிக்கிறேன்.

#9 மூன்றாவது கிளை
செவ்வாய், இரவு 11:20

நான் கிளை மேலாளர். வேறு வங்கி, வேறு மாவட்டம். இது எனக்கு மூன்றாவது கிளை. இந்த இழையில் மேலாளர் எல்லாப் பதிவிலும் வந்து போகிறார், ஆனால் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தினமும் மாலை ஏழரைக்கு வீடியோ மீட்டிங். மண்டலத்தில் கடைசி பத்து இடத்தில் இருக்கும் கிளைகளின் பெயரைத் திரையில் போடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் காதில் விழ, "ஏன் ஜீரோ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பகலில் மணிக்கு ஒரு முறை வாட்ஸ்அப் குரூப்பில் எண் கேட்பார்கள். நீங்கள் சொன்ன அந்த போனை நானும் செய்திருக்கிறேன். கேஷ் கவுண்டரில் இருப்பவர் எண்ணிக்கொண்டிருப்பார் என்று தெரியும். இருந்தும் செய்தேன். மேலே இருந்து வருவதை அப்படியே கீழே தள்ளிவிட்டால் அந்த நிமிடம் என் நெஞ்சு லேசாகும். அதற்காகத்தான் செய்தேன் என்று இன்று ஒப்புக்கொள்கிறேன்.

போன வருடம் என் கிளையில் ஒரு பெண் ஊழியர் கவுண்டரிலேயே மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தம் 180. அன்றைக்குப் பிறகு மூன்றரை முதல் நாலரை வரை கவுண்டரில் யாருக்கும் போன் கிடையாது. ரீஜினல் ஆபீஸ் கேட்டால் என் போனுக்கு வரட்டும், நாலரைக்குச் சொல்கிறேன் என்றேன். முதல் வாரம் திட்டினார்கள். பிறகு பழகிவிட்டது. எங்கள் எண்ணிக்கை விழவில்லை. கேஷ் வித்தியாசம் ஏறக்குறைய நின்றேவிட்டது, எல்லோரும் ஆறு மணிக்கு முன் கிளம்புகிறார்கள்.

இன்னொன்று. முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் தொடர்ந்து பத்து வேலை நாள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக வந்த விதி அது. நான் பார்த்தது வேறொன்று. அந்தப் பத்து நாள் முடிந்து வருகிறவரின் முகம். ஐந்து பேர் இருக்கும் கிளையில் அதைச் செய்வது மிகவும் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#10 எண்ணெழுத்து
புதன், மாலை 6:30

திருச்சியில் பணியிட உளவியலில் ஆய்வு செய்கிறேன். இங்கே ஒவ்வொருவரும் சொன்னது என் படிப்போடு எங்கே ஒட்டுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அழுத்தம் அதிகாரிகளுக்குத்தான் அதிகம், அவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து வைட்ஹால் ஆய்வு 1967-இல் தொடங்கியது. வந்த விடை தலைகீழ். படிநிலையில் கீழே போகப் போக இதய நோய்ச் சாவு கூடியது. 1985-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு தொடங்கிய இரண்டாவது சுற்றில், தன் வேலையில் தனக்குச் சொல்லுரிமை இல்லாமை ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. ராபர்ட் காரசெக் 1979-இல் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவை வைத்து இதையே சொல்லியிருந்தார். வேலை கனமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை. கனமான வேலையும், அதில் எதையும் தீர்மானிக்க முடியாத நிலையும் சேரும்போதுதான் உடைகிறது. கிணற்றடி சொன்ன ஸ்விட்ச் யார் கையில் என்பதுதான் கேள்வி.

நாணல் சொன்ன இல்லினாய்ஸ் பெல் ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அங்கே கவனிக்கப்பட்டவர்கள் மேலாளர்கள். "என்னால் ஏதாவது செய்ய முடியும்" என்ற நம்பிக்கை, ஏதாவது செய்ய முடிகிற நாற்காலியில் இருப்பவருக்கு எளிதாக வரும். கவுண்டரில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கையை வளர்க்க வேண்டுமானால், முதலில் அவர் தீர்மானிக்கக்கூடியதாக ஒன்றையாவது கொடுக்க வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அழுத்தத்தில் வேலைத்திறன் எப்படிக் குறைகிறது என்பது. பிரிட்டிஷ் உளவியலாளர் ராபர்ட் ஹாக்கி 1997-இல் எழுதிய கட்டுரையில் இதை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். அழுத்தம் ஏறும்போது மனிதர்கள் முதன்மை வேலையை விடுவதில்லை, உடம்பைச் செலவழித்து அதைக் காப்பாற்றுகிறார்கள். உதிர்வது ஓரத்தில் இருப்பவை. இரண்டாவது முறை சரிபார்ப்பது, பக்கத்தில் இருப்பவருக்கு உதவுவது, வாடிக்கையாளரிடம் ஒரு நல்ல வார்த்தை, மாலையில் பிள்ளையோடு பேசும் சக்தி. அறிக்கையில் இவை எதற்கும் கட்டம் கிடையாது. எனவே எண்கள் நன்றாக இருக்கும், மேலிடம் "தாங்குகிறார்கள்" என்று முடிவு கட்டும். சேலைப் பிரிவு அக்காக்கள் விற்பனையில் முதலிடம் வருவதும், தவறே பதிவாகாத அந்த வார்டும் இதே வகைதான்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை வரையறுத்தபோது அதை ஒரு நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று, பணியோடு சேர்த்தே வைத்தது. அந்தச் சொல் தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

#11 நாணல்
புதன், இரவு 10:00

எண்ணெழுத்து, உங்கள் மூன்றாவது பத்தி என்னை யோசிக்க வைத்தது. எனக்குப் பயிற்சி உதவியது என்றேன் அல்லவா? அதே மாதத்தில் என் டீம் லீட் என்னை ராத்திரி அழைப்புகளிலிருந்து விடுவித்தார். அதை நான் இங்கே எழுதவில்லை. ஒளிக்கவில்லை, ஞாபகமே வரவில்லை. எது என்னைத் தூக்கியது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயிற்சி வீண் என்று இன்றும் சொல்ல மாட்டேன். தூங்கிய பிறகுதான் அந்த மூச்சுப்பயிற்சியைச் செய்யவே எனக்குத் தெம்பு இருந்தது.

#12 பழைய கேஷியர்
வியாழன், காலை 6:00

கிணற்றடி தம்பி சொன்ன கமலை மாடு எங்களுக்கும் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும். அதற்குப் பிறகு லெட்ஜர், பேலன்ஸ், டீ, பேச்சு. பொதுமக்களுக்கு அது சிரமம்தான், நேரம் நீட்டித்தது நியாயம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக எங்களுக்கு எதுவும் தரவில்லை.

அம்மா, நர்ஸ் அக்கா கேட்டதைப் போய்ச் சொல். எழுதிக் கொடு.

#13 வைகைக்கரை
சில வாரம் கழித்து, சனி, மாலை 5:15

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான். 16-ஆம் தேதி மூன்றரை மணிக்கு எண்ணும்போது அழைப்பு வந்தது, அதனால் இரண்டு முறை எண்ணினேன், மூன்றரை முதல் நாலரை வரை கேஷ் கவுண்டருக்கு அழைப்பு வேண்டாம் என்று. கொடுக்கும்போது கை நடுங்கியது. மேலாளர் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "நான்தானா கூப்பிட்டேன்?" என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. ஒரு நாளில் எத்தனை பேரை எத்தனை தடவை கூப்பிடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாவது கிளை சார் எழுதியதைக் காட்டினேன். இரண்டு நாள் கழித்துச் சரி என்றார். கோபமாக இல்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

பாஸ்புக் கூட்டத்துக்கு வேறு வழி அவரே சொன்னார். எங்கள் ஊருக்கு வங்கி மித்ராவாக, அதாவது வங்கியின் முகவராக இருக்கும் பெண்ணை 15-லிருந்து நாலு நாள் வாசல் வேப்பமரத்தடியில் கைமெஷினோடு உட்கார வைத்தோம். பணம் ஏறிவிட்டதா என்று மட்டும் பார்க்க வருகிறவர்கள் அங்கேயே பார்த்துவிட்டுப் போகிறார்கள். பாதிக் கூட்டம் உள்ளே வரவில்லை.

காலி இடங்கள் காலியாகவே இருக்கின்றன. சங்கத்தின் மூலமாகக் கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் வேலை என்று 2024 மார்ச் 8-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பேசி, அரசு ஒப்புதலுக்கு விட்டார்கள். அதற்கும் காத்திருக்கிறேன். மேலாளருக்கு ஏழரை மணி மீட்டிங் இன்னும் இருக்கிறது. அவருக்காக யார் எழுதிக் கொடுப்பார்கள் என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன்.

நேற்று 16-ஆம் தேதி. மதியம் மூன்றே முக்காலுக்கு ஒரு வயதான அம்மா எட்டாயிரத்துக்கு ஸ்லிப் கொடுத்தார். ஐந்நூறில் பதினாறு. ஒன்பது எண்ணும்போது மேஜை டிராயருக்குள் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான் என்று பிறகு தெரிந்தது. அப்போது யார் என்று தெரியாது, கை தானாக டிராயர் பக்கம் போனது. அந்த அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என் விரலையே பார்த்துக்கொண்டு, "நீ எண்ணு தாயி, ஒன்பது ஆச்சு" என்றார்.

பத்து, பதினொன்று என்று எண்ணி முடித்தேன். நாலு பத்துக்கு கேஷ் டேலி.